மலையேறிய விளக்குமாறு

ஒரு தை மாதத்தில், போடியிலிருந்து ஏலமலைக்கு ஒரு விளக்குமாறு ஜீப்பில் ஏறிப் போனது. தென்னை ஈர்க்கில் கட்டிய புத்தம்புது விளக்குமாறு. வெள்ளைத்தாய் தன் கல்யாணப் பட்டின் கிழிந்த கரையை எடுத்து அதன் இடுப்பில் சிவப்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"பாரேன், வெளக்கமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்!" என்று சிரித்தான் அவள் புருஷன் மொக்கச்சாமி.

விளக்குமாற்றுக்குக் கோபம் வரவில்லை. யார் சிரித்தால் என்ன, பட்டு பட்டுதானே!

மழைக்காட்டு ஓரத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் வானத்தை மறைக்கும் மரங்கள். மர நிழலில் முப்பது தூர் ஏலச்செடி. அதை நம்பித்தான் இருவரும் ஊரை விட்டு வந்திருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய விளக்குமாறு தரையைப் பார்த்ததும் திக்குமுக்காடிப் போனது. கணுக்கால் ஆழத்துக்குச் சருகு! பார்த்த இடமெல்லாம் சருகு!

"அடேயப்பா! ஏழு சென்மத்துக்கும் வேலை கெடக்கே!" என்று துள்ளியது.

வெள்ளைத்தாய்க்கும் கை துறுதுறுத்தது. அவள் ஊரில் வாசலில் நாலு சருகு கிடந்தாலே மூதேவி குடியேறிவிட்டாள் என்பார்கள். வாசலைக் கூட்டினாள். கொல்லையைக் கூட்டினாள். அப்படியே ஏலத்தூர்களின் அடிவரைக்கும் கூட்டி, அள்ளி, ஓடையில் கொட்டினாள். தரை வழித்த தோசைக்கல் மாதிரி மின்னியது. விளக்குமாற்றுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், கொல்லையோரத்து ஏலத்தூர் மெல்லக் கூப்பிட்டது. "யக்கா, கொஞ்சம் நில்லுங்க. பசிக்குது."

"பசிச்சாச் சாப்பிடு. காலடியில மண்ணு கெடக்கே!"

"நான் என்னத்தக் குடுக்க?" என்று குறுக்கே விழுந்தது மண். "எங்கிட்ட ஒண்ணுமில்ல தாயி. நான் வெறும் சட்டி."

விளக்குமாறு விழுந்து விழுந்து சிரித்தது. "அம்புட்டுப் பெரிய மரத்தையெல்லாம் வளத்துட்டு வெறும் சட்டியாமே! யாருகிட்டக் கத விடுற?"

"இங்க பெய்யிற மழைக்கு எங்கையில என்ன தங்கும்? எல்லாத்தையும் அரிச்சுட்டுப் போயிரும். சோறு மேலருந்துதான் விழும். விழுந்த சருகப் பூசணம் பிடிச்சு, மக்க வச்சு, வேரு வாயில ஊட்டிவிடும். வேரு மரத்துக்கு ஏத்தும், மரம் திரும்பச் சருகா உதுக்கும். நடுவுல நீ வந்து..."

"நடுவுல நீ வந்து, பந்தியில உக்காந்தவன் கை வைக்கிறதுக்குள்ள இலையை உருவுற!" என்று தரையோரத்திலிருந்து கத்தியது ஒரு வெள்ளை நூல். அதுதான் பூசணம். பாதி அறுந்து கிடந்தது.

அந்தச் சொல் விளக்குமாற்றைச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "சுத்தம் சோறு போடும், தெரியுமில்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆனி பிறந்தது. மழை என்றால் மழை, அப்படியொரு மழை! மூட இலையில்லாத தரையில் அது சாட்டையால் அடித்தது. மண் சிவப்பாகக் கரைந்து ஓடைக்கு ஓடியது. ஏலத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. இலைகள் மஞ்சளித்தன. தூரடியில் ஒரு பூச்சரம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மொக்கச்சாமி செடியடியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான். "மண்ணு செத்த மண்ணு புள்ள. அடுத்த சித்திரைக்குள்ள சரம் வரலேன்னா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுக் கீழ எறங்க வேண்டியதுதான்."

செத்த மண்ணாம்! சாகடித்தது யார் என்று விளக்குமாற்றுக்குத் தெரியும். நிறுத்தலாமென்றால் கை அதனுடையதா? பிடித்தவள் இழுத்த பக்கம்தானே போக வேண்டும்!

அதனிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு முடிச்சு.

மறுநாள் காலை, வெள்ளைத்தாய் கொல்லையோரத் தூரடியில் கூட்ட ஆரம்பித்ததும் விளக்குமாறு மூச்சை விட்டு இடுப்பைத் தளர்த்தியது. ஓர் ஈர்க்கு நழுவியது. அடுத்த வீச்சில் நாலு. அவள் இறுக்கிக் கட்டினாள். அது மறுபடி தளர்ந்தது. பொல பொலவென்று பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது.

"சீ, சனியனே! குஞ்சம் கட்டின கொழுப்பா ஒனக்கு?" என்று மிச்சத்தையும் அந்தத் தூரடியிலேயே வீசிவிட்டுப் போனாள். "ஏங்க, சந்தைக்குப் போனா ஒரு வெளக்கமாறு வாங்கிட்டு வாங்க!"

மொக்கச்சாமி மூன்று முறை போடிக்கு இறங்கினான். மூன்று முறையும் புகையிலையை மறக்கவில்லை, விளக்குமாற்றை மறந்தான். மறதிக்குக் கும்பிடு போடலாம்!

மரங்கள் உதிர்த்துக்கொண்டே இருந்தன. முதல் சருகு விளக்குமாற்றின் மேல் விழுந்தது. பிறகு நூறு, பிறகு ஆயிரம். ஈரக் கதகதப்பில் ஒரு நாள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டினார்கள்.

"யாரது?"

"நாந்தான்!" என்றது பூசணம். "பந்தி போட்டாச்சு. ஒன்னையும் சேத்துத்தான் சாப்பிடுவேன், பரவால்லயா?"

"அதுக்குத்தானே படுத்திருக்கேன்! தாராளமாச் சாப்பிடு!"

மெல்லிய வேர்கள் மண்ணுக்குள் போகாமல் மேலே ஏறி வந்து சருகுக்குள் நுழைந்தன. ஈர்க்கு ஈர்க்காக விளக்குமாறு ஏலத்துக்குள் ஏறியது. எது தான், எது ஏலம் என்றே அதற்குத் தெரியவில்லை. பூசணத்துக்குப் பட்டும் பருத்தியும் ஒன்றுதான். சிவப்புக் கரையும் போய்விட்டது. அதை நினைத்து அரை நாள் வருத்தப்பட்டது, அவ்வளவுதான்.

சித்திரையில் ஒரு காலை, மொக்கச்சாமி மண்வெட்டியோடு கொல்லைக்கு வந்தான். முதலில் எந்தத் தூரைப் பிடுங்கலாம் என்று தேடினான். பின்னாலேயே வந்த வெள்ளைத்தாய் கத்தினாள். "ஏங்க! மம்பட்டியைக் கீழ போடுங்க! கீழ போடுங்கன்னா!"

ஓரத்துத் தூர் கருகருவென்று பச்சை கட்டியிருந்தது. அவள் மண்டியிட்டுச் சருகை ஒரு பிடி விலக்கினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய் நூல். நூலைப் பற்றியபடி வேர். அப்படியே பழையபடி மூடினாள், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.

"கூட்டிக் கூட்டி நான்ல கெடுத்தேன்," என்றாள். கண் நிறைந்தது, முகம் சிரித்தது.

தூரடியிலிருந்து ஒரு பூச்சரம் நீண்டு வந்திருந்தது. மக்கிப்போன ஒரு பிடி ஈர்க்கின்மேல், பழைய முடிச்சு இருந்த இடத்திலேயே அது சாய்ந்து கிடந்தது. சரம் முழுக்க வெள்ளைப் பூ, பூவுக்குள் ஊதா வரி.

மொக்கச்சாமி மண்வெட்டியைக் கீழே போட்டான். வெள்ளைத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க, வெளக்கமாத்துக்கு என்ன குஞ்சம்னு!"