சிரிப்புக்கு விட்ட இடம்

ஏகாம்பரம் பல வருடங்களாகப் பிறர் படங்களுக்கு நகைச்சுவை வசனம் எழுதியவர். இப்போதுதான் முதல் படத்தை இயக்கியிருந்தார். தமயந்தி அவரிடம் உதவி இயக்குநர்.

படத்தில் மெஸ் நடத்தும் ஓர் அப்பா. மகன் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "என்ன துரை, இன்னைக்கும் உப்பு கம்மியா?" என்று கேட்பார். மகன் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறை சொல்வான். பிறகு விபத்தில் மகன் இறந்துவிடுகிறான். சில நாள் கழித்து, கூட்டத்தில் பரிமாறிக்கொண்டே வரும் அப்பா, பழக்கத்தில் அதையே கேட்டுவிடுகிறார். எதிரே காலி நாற்காலி, அதன் முன் போட்ட இலை. கொஞ்ச நேரம் திரையில் அது மட்டும்தான்.

"இதை வெட்டு," என்றார் தயாரிப்பாளர் நாச்சியப்பன். "புரொஜெக்டர் நின்னுபோச்சுன்னு கத்துவாங்க."

"ஜனங்களோட ஒரு தடவை பாத்துட்டு வெட்டுங்கண்ணே," என்றார் ஏகாம்பரம்.

"சரி. ஒருத்தன் விசில் அடிச்சாலும் வெட்டிடுவேன்."

முன்னோட்டக் காட்சிக்குத் தெருவில் போனவர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். தியேட்டர் வாசலில் தமயந்தி மெல்லக் கேட்டாள்.

"சார், ஜோக் எழுதறவருக்கு டைரக்‌ஷன் எதுக்குன்னு பத்திரிகைக்காரங்க கேக்கறாங்க. எனக்குக் கோபம்தான் வருது, பதில் வரலை. என்ன சொல்லட்டும்?"

ஏகாம்பரம் அவளைத் திரைக்குப் பக்கத்தில், இருட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"படத்தைப் பாக்காத. இவங்களைப் பாரு."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் எப்பவும் இங்கதான். ஜோக்குக்குப் பின்னாலயே அடுத்த வசனத்தை வெச்சா, அது சிரிப்புல போயிடும். எவ்வளவு நேரம் சிரிக்கறாங்கன்னு இங்க நின்னுதான் பாப்பேன்."

படம் ஓடியது. அந்த இடம் வந்தது.

"என்ன துரை, இன்னைக்கும் உப்பு கம்மியா?"

அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் நாச்சியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தபடி கணவன் தோளில் அடித்தாள். அடித்த கையை அவள் எடுக்கவில்லை. பக்கத்தில் ஒருவரின் வாய் திறந்தபடி இருந்தது; பிறகு மூடிக்கொண்டது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே பின்னால் போனது. யாரோ இருமப் பார்த்து, அடக்கிக்கொண்டார்.

அதன் பிறகுதான் திரையில் சர்வரின் குரல் வந்தது.

"இலையை எடுத்துடட்டுமாண்ணே?"

தாழ்ந்த குரல்தான். கடைசி வரிசை வரை கேட்டது. விசில் வரவில்லை.

படம் முடிந்ததும் நாச்சியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அது அப்படியே இருக்கட்டும் ஏகாம்பரம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். தமயந்தி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நானே பேசறேன் சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காமெடியை ஏன் விட்டீங்கன்னு கேட்டா?"

ஏகாம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க விட்டேன்? முதல்ல சிரிச்சாங்கல்ல?"