பன்னிரண்டு இதழ்ப் பனிப்பூ

இமயமலைச் சரிவில் ஒரு மரக்குடில். அங்கே வாழ்ந்த யாங்சென் அம்மையாருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே வேலைதான்: பனிப்பூக்களைப் படம் எடுப்பது. விழுகிற பனித்துகளைப் பலகையில் ஏந்தி லென்ஸின் கீழ் வைத்தால் ஆறு இதழ் விரித்த பூவாகத் தெரியும்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் தேனப்பன். காரைக்குடிக்காரர்; குருவைவிட வயதில் மூத்தவர்.

"எங்கள் ஊர்ப் பனிக்கு மூக்குதான் அடைக்கும், குருவே."

"இங்கே வாயை அடைக்க வேண்டும்" என்று கம்பளித் துணியை நீட்டினார் குரு. மூச்சுக்காற்று பட்டாலே பூ உருகிவிடும்.

ஒருநாள் தேனப்பன் கேட்டார்: "பன்னிரண்டு இதழ்ப் பூ உண்டா?"

"உண்டு."

"பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"பிறகு எப்படி உண்டு என்கிறீர்கள்?"

"பனி பெய்யும்போதெல்லாம் பலகையை வெளியே நீட்டுகிறேனே!"

குருவின் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அடுத்த குளிர்காலத்தில் லென்ஸ் வழியே எதுவும் தெரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இந்தக் குளிர்காலம் முடியும் சமயம். பனி விழத் தொடங்கியது. குடிலின் முன்புறம் தேனப்பனும் பின்புறம் குருவும் ஆளுக்கொரு கறுப்பு வெல்வெட் பலகையை நீட்டி நின்றார்கள்.

பலகையில் விழுந்த ஒன்றைத் தேனப்பன் இறகால் எடுத்து லென்ஸின் கீழ் வைத்தார். இதழ்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். பன்னிரண்டு!

கேமரா தயார். விரலும் பொத்தான்மேல் இருந்தது.

தேனப்பன் விரலை எடுத்தார். பின்புறம் ஓடி, குருவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

குரு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேனப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உருகிவிடுமே! 'அழுத்துங்கள், அழுத்துங்கள்' என்று சைகை காட்டினார்.

குரு நிமிர்ந்தார். தேனப்பனின் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தார்.

'க்ளிக்.'

கேமராத் திரையில் பன்னிரண்டு இதழும் ஒன்று குறையாமல் மின்னின.

வாய்த்துணிகள் பறந்தன. "விழுந்தாச்சு! விழுந்தாச்சு!" என்று இருவரும் போட்ட கூச்சலில் கூரைப் பனி சரிந்து தலையில் கொட்டியது.

"ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் நீங்கள். நீங்களே அழுத்தியிருக்கலாமே, குருவே?"

குரு தலைப்பனியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

"கையில் கிடைத்ததை விட்டுவிட்டு என்னை அழைக்க ஏன் ஓடி வந்தீர், தேனப்பரே?"