பூங்கோதையின் நாற்காலி

சென்னிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த குரு, தம் சீடரைவிட வயதில் இளையவர். சீடர் மாசிலாமணி எதையும் நேராகக் கேட்கத் தெரியாதவர். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சாமி, வீட்டுல ஹோம் தியேட்டர் போடறேனுங்க. ஸ்கிரீன் எத்தனை அடில வாங்கறதுன்னு புரியலீங்க."

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடைக்காரர் என்ன சொன்னாரு?"

"ரூமு சின்னது, ஆறடி போதும்னாருங்க. எனக்குச் சுவரு முழுக்க வேணுங்க."

"இதுல எனக்கென்ன தெரியுமுங்ணா?"

மாசிலாமணி தோள் துண்டை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குருவின் சிரிப்பு நின்றது.

"ஸ்கிரீன் யாருக்கு?"

"பூங்கோதைக்குங்க." மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அவ கண்ணு போயிட்டிருக்குதுங்க சாமி. ஓரமெல்லாம் இருட்டிட்டு வருதாம். குழாய் வழியாப் பாக்கற மாதிரி ஆகி, கடைசில அதுவும் மூடிக்குமாம். டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொட்டு மருந்து விட்டாச் சரியாப் போயிரும்னு சொல்லி வெச்சிருக்கேன். நெசத்தச் சொன்னா அவ தாங்க மாட்டா. அதுக்குள்ள எல்லாத்தையும் பெருசாப் பாத்துக்கட்டும்னுதான்..."

வீட்டு அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தால் போதும். பார்வை முழுக்கப் போனது இன்றுதானோ என்று மாசிலாமணி ஓடுவார். பூங்கோதை பாத்திரத்தை எடுத்துக் கழுவிக்கொண்டிருப்பாள். அவர் தண்ணீர் குடிக்க வந்தவர்போல் சொம்பைத் தேடுவார்.

குரு உள்ளே போய், விருந்தாளிகளுக்கு விரிக்கும் பெரிய வெள்ளை விரிப்புகள் இரண்டைக் கொண்டுவந்தார்.

"இப்ப எதையும் வாங்காதீங்க. இந்த ரெண்டையும் ஒண்ணாத் தெச்சுச் சுவத்துல கட்டுங்க. நான் சாயங்காலம் வர்றேன்."

தைத்தது பூங்கோதைதான். அவள் ஒவ்வொரு முறை ஊசியைக் குத்தும்போதும் மாசிலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து, கையில குத்தீராத."

"இன்னைக்குத்தான் புதுசாத் தைக்கறனாக்கும்?" என்றாள் அவள்.

சாயங்காலம் குரு மாசிலாமணியின் வீட்டுக்கு வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி கடைக்காரர் கொடுத்திருந்த புரொஜெக்டர் பின்னால் ஒரு ஸ்டூலில் இருந்தது. அறையின் நடுவில் பூங்கோதைக்கு ஒரே ஒரு நாற்காலி. மாசிலாமணி அவளுக்குப் பின்னால் நின்றார்.

ஜன்னலை அடைத்து விளக்கை அணைத்தார்கள். மகளின் கல்யாணப் படம் சுவர் முழுக்க ஓடியது.

இருட்டில் மாசிலாமணியின் பயம் இரண்டு மடங்கானது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அவளுடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலை இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது, மறுபடியும் இடது பக்கம் போனது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் இருந்தது.

பூங்கோதை எழுந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். பக்கத்தில் கிடந்த டீப்பாயில் முழங்கால் இடித்தது.

"என்னாச்சு? என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க."

மறுபடியும் பின்னுக்கு இழுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். மாசிலாமணி நகர்ந்து நகர்ந்து வழிவிட்டார். கடைசியில் நாற்காலி வாசற்படிக்கே வந்துவிட்டது.

"ஏன் அங்க போயிட்ட? கிட்ட உக்காந்து பெருசாப் பாரு." மாசிலாமணி கெஞ்சினார்.

"கிட்ட உக்காந்தா ஒண்ணு மாப்பிள்ளை தெரியறாரு, இல்லாட்டி நம்ம புள்ள தெரியறா. இங்கிருந்தாத்தானுங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தெரியறாங்க."

படத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடி மாசத்துலருந்தே இப்படித்தானுங்க," என்றாள். "கோயில்லகூடத் தள்ளி நின்னுதான் சாமியப் பாக்கறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துக்குவீங்க."

மாசிலாமணி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்னதை முழுக்கச் சொன்னார். ஒரு வார்த்தையையும் மறைக்கவில்லை.

பூங்கோதை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசாப் போயிருமா?"

"ஆமா."

அவள் அவருடைய தோளில் கையை வைத்தாள்.

குரு எழுந்து விளக்கைப் போட்டார். நடுவிலிருந்த தையலைப் பிரித்தார். ஒரு விரிப்பைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றதைச் சுவரின் நடுவில் கட்டினார். ஸ்டூலை முன்னால் நகர்த்திவிட்டு விளக்கை அணைத்தார். கல்யாணம் சுருங்கி அந்த ஒரு விரிப்புக்குள் அடங்கியது.

வாசல் பக்கம் போன குருவை மாசிலாமணி வழிமறித்தார்.

"சாமி, சொல்லியும் பயம் போகலீங்க."

"அது போகாதுங்ணா," என்றார் குரு. "நாற்காலிய முன்னாடி கொண்டுபோய்ப் போடுங்க. ரெண்டாப் போடுங்க."