பெட்டியில் எழுதிய வேகம்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் மூவர். கணினி பழுது பார்க்கும் எழிலரசி. அவரிடம் மூன்று மாதமாகத் தொழில் பழகும் மாசிலாமணி. எழிலரசியைவிடப் பதினொரு வயது மூத்தவர். உதிரிப் பொருள் விற்கும் காசிம். மேசைமேல் ஒரு கணினி. அதற்குள் ரேம் எனும் நினைவகத் தகடு நான்கு.

"டீச்சர், புது ரேம் பெட்டியில வேகம் 3200-னு போட்டிருக்கு. ஓடுறது 2400. இது பகல் கொள்ளை இல்லையா?" என்றார் மாசிலாமணி.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் காசிம். "வியாபாரிங்க வாட்ஸ்அப் குழுவுல 'காசிம் விக்கிறது போலி'ன்னு போட்டீங்களே. காலையிலேருந்து ரெண்டு கடைக்காரங்க சரக்கைத் திருப்பிட்டாங்க."

"போலியைப் போலின்னுதான் சொல்லணும்!"

"மூணு மாசமா என் காசுல டீ குடிச்சீங்களே, அது மட்டும் அசலா?"

எழிலரசி இருவரையும் பார்க்கவில்லை. "காசிம் பாய் கொடுத்த புது ரேம் ரெண்டையும் எத்தனை தடவை சோதிச்சீங்க?"

"ஏழு தடவை. இடம் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன்."

"மத்த ரெண்டு?"

"அது முன்னாலேயே கணினியில இருந்தது. நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குத் தூக்கிப் போடணும்? நான்தான் கூடவே இருக்கட்டும்னு விட்டேன்."

"எத்தனை தடவை சோதிச்சீங்க?"

மாசிலாமணி கணினிக்குள் எட்டிப் பார்த்தார்.

எழிலரசி மின்சாரத்தை நிறுத்தினார். பழைய ரேம் இரண்டையும் கழற்றி மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சத்தமா படிங்க."

மாசிலாமணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இரண்டாயிரத்து நானூறு."

"அடுத்தது?"

"அதுவும்."

எழிலரசி கணினியை மீண்டும் ஓட விட்டார். புதிய இரண்டு மட்டும் உள்ளே இருந்தன. திரையில் 3200 என்று வந்தது.

"அப்ப இந்தப் பழசாலதான் புதுசும் மெதுவா ஓடிச்சா?" என்றார் மாசிலாமணி.

"ஆமா. சேர்த்துப் போட்டா, மெதுவானதோட வேகத்துலதான் எல்லாமே ஓடும்."

காசிம் எழுந்து செருப்பை மாட்டினார். "இதைக் குழுவுல யாரு சொல்லுவா?"

மாசிலாமணி அவசரமாகக் கைபேசியை எடுத்தார். "இப்பவே அழிச்சிடுறேன் பாய். எல்லாருக்கும் அழிஞ்சிடும்."

"உங்களைத் தவிர குழுவுல எத்தனை பேர்?" என்று கேட்டார் எழிலரசி.

"அறுபத்து மூணு."

"நீங்க போட்டதை இதுவரைக்கும் படிச்சவங்க?"

மாசிலாமணி திரையில் விரல் வைத்து எண்ணினார். ஒருமுறை தவறவிட்டு, முதலிலிருந்து எண்ணினார்.

"ஐம்பத்தெட்டு."

"அழிங்க," என்றார் எழிலரசி. "அஞ்சு பேருக்கு அழியும்."