மேட்டில் நின்று பேசிய மான்

கடலோரத்தில் ஒரு பெரிய புல்வெளி. அங்கே வெளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன. புல்வெளியின் மேற்கே குளம் இருந்தது. பெண்மான்களும் குட்டிகளும் குளத்துப் பக்கம் மேயும். கொம்பு முறுக்கேறி, முதுகு கறுத்த கலைமான்கள் ஆளுக்கொரு நிலத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ராஜா மாதிரி நிற்கும். இளவட்டங்களுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. தலையில் கொம்பு தெரிய ஆரம்பித்ததும் முட்டித் துரத்திவிடுவார்கள்.

சிலும்பன் அப்படித்தான் துரத்தப்பட்டான். முதுகு இன்னும் செம்மண் நிறம்தான். கொம்பில் ஒரே ஒரு முறுக்கு. ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது, எப்போதும் எதையாவது உதைத்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் நிலத்துக்காரக் கலைமான் அவனைக் குளக்கரை முழுக்க விரட்டியது. அம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் குனிந்து மேயத் தொடங்கிவிட்டாள். அவள் என்ன செய்வாள்? வயிற்றில் அடுத்த குட்டி. அங்கே வழக்கமும் அதுதான். ஆனாலும் விலாவில் பட்ட இடியைவிட அம்மா குனிந்ததுதான் சிலும்பனுக்கு அதிகம் வலித்தது.

கிழக்கே உவர் நிலம். புல் கரகரவென்று உப்புக் கரிக்கும். ஏற்கெனவே பத்து இளவட்டங்கள் அங்கே இருந்தார்கள். சிலும்பன் பதினொன்றாவது. வெயில் முதுகைச் சுடும்வரை படுத்துக் கிடப்பார்கள். எழுந்ததும் காரணமே இல்லாமல் முட்டிக்கொள்வார்கள். மற்ற நேரம் குளத்துப் பக்கம் வெறித்துப் பார்ப்பார்கள். அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. பேசினால் ஒரே பேச்சுதான், அந்தப் பக்கம் போ என்று.

அந்தப் புல்வெளியில் மையன் என்ற கலைமானைத் தெரியாதவர்கள் கிடையாது. குளத்தங்கரையில் ஆகச் சிறந்த நிலம் அவனுடையது. மூன்று வருடமாக யாராலும் அவனை அசைக்க முடியவில்லை. மையைக் குழைத்துப் பூசியதுபோல முதுகு, ஐந்து முறுக்குக் கொம்பு. அவன் நடந்து போனால் குட்டிகள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

குளத்துக்கும் உவர் நிலத்துக்கும் நடுவே ஒரு மண்மேடு. ஒரு காலை மையன் அதில் ஏறி நின்று கிழக்கே பார்த்தான்.

"உங்களைத்தான். எழுந்து நேராக நில்லுங்கள்" என்றான்.

இளவட்டங்கள் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள், வேறு யாரையோ சொல்கிறான் என்று. பின்னால் கடல்தான் இருந்தது.

அன்று முதல் அவன் தினமும் வந்தான். அவன் சொன்னதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சூரியன் வருமுன் எழுந்திருங்கள். சவுக்குத் தோப்பு வரை ஓடிவிட்டுத் திரும்புங்கள். கடைசியில் வருகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்களைவிட மெலிந்தவனிடம் கொம்பைக் காட்டாதீர்கள். இவ்வளவுதான். ஆனால் நடுநடுவே தன் கதையையும் சொன்னான். மூன்று முறை தோற்றிருக்கிறானாம். ஒரு முறை சொந்தத் தம்பியிடமே தோற்று, வெட்கத்தில் நான்கு நாள் புதருக்குள் கிடந்தானாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் தணியவில்லை, பார்வையும் தாழவில்லை. சிலும்பன் வாயில் இருந்த புல்லை மெல்ல மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். மையனே புதருக்குள் கிடந்திருக்கிறான் என்றால், உவர் நிலத்தில் கிடப்பதோடு தன் கதை முடிந்துவிடாது என்று அன்றுதான் அவனுக்குத் தோன்றியது.

முதல் நாள் ஓட்டத்தில் நண்டு வளையில் கால் மாட்டி விழுந்தான். மறுநாள் பாதியில் மூச்சு வாங்கி நின்றான். ஒரு மாதத்தில் சவுக்குத் தோப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். காரணமில்லாத சண்டைகள் குறைந்தன. தின்பது அதே உப்புப் புல்தான் என்றாலும் கால்களில் தெம்பு ஏறியது.

உச்சி வெயிலில் கலைமான்கள் நிழல் தேடிப் போகும் நேரம் பார்த்து, சிலும்பன் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருவான். ஒரு நாள் அம்மா அங்கே நின்றிருந்தாள். குட்டி பிறந்திருந்தது. அதைக் கோரைப்புல்லில் படுக்க வைத்திருந்தாள். மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த மையன் பேச்சைக் கேட்டு விடியுமுன் எழுந்து ஓடுகிறாயாமே" என்றாள். "இதையே நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சீக்கிரம் எழுந்திரு, வம்புக்குப் போகாதே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. அவன் சொன்னால் மட்டும் இனிக்கிறதோ?"

சிலும்பன் கொஞ்ச நேரம் தரையை உதைத்துக்கொண்டு நின்றான். "நீ நேராக நில் என்றால், நான் கோணல் என்று என் காதில் கேட்கும், அம்மா. அவர் அதையே சொன்னால், என்னால் நிற்க முடியும் என்று கேட்கிறது."

அம்மா அன்று அவன் திரும்பிப் போகும்வரை நிமிர்ந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் ஒருவனுக்குப் பிடிக்கவில்லை. ஓரக்கண்ணன் என்று ஒரு நரி. அவனோடு இன்னும் இரண்டு நரிகள். குட்டி மான் என்றால் அவர்களுக்கு உயிர். முன்பெல்லாம் உவர் நிலத்து வழியாகப் பதுங்கிப் போவார்கள். தூங்கி வழியும் இளவட்டங்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். இப்போது அந்த வழியில்தான் காலை ஓட்டம். பதினொரு ஜோடிக் கொம்புகளைத் தாண்டிப் போக முடியவில்லை. ஓரக்கண்ணன் காத்திருந்தான்.

ஒரு நாள் மையன் மேட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த மேட்டில் ஓரக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். தன்னைக் கண்டு பயப்பட வேண்டாம், தானும் எல்லோராலும் விரட்டப்பட்டவன்தான் என்றான். குளத்தங்கரையில் பெண்மான்கள் இவர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னான்.

"உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை தம்பிகளா" என்றான். "அந்த மையன் உங்களை ஏன் ஓடவிட்டான் தெரியுமா? ஓடிக் களைத்தால் அவன் நிலத்துக்குப் போட்டியாக வர மாட்டீர்கள். இப்போது அவனே தோற்று ஓடிவிட்டான். வடக்கே போங்கள். அங்கே நல்ல புல் இருக்கிறது. இவர்களுக்காக நீங்கள் எதற்கு இங்கே நிற்க வேண்டும்?"

கேட்கக் கேட்க உடம்பு சூடானது. சிலும்பனுக்கும்தான். தன் மேல் தப்பே இல்லை என்று ஒருவன் சொல்வது இனிப்பாகத்தான் இருந்தது. அம்மா குனிந்துகொண்டது ஞாபகம் வந்தது. ஐந்து பேர் அப்போதே வடக்கே கிளம்பிவிட்டார்கள். மற்றவர்களும் கிளம்பத் தயாரானார்கள். சிலும்பன் மட்டும், மையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மையனின் நிலத்தில் வேறொரு கலைமான் நின்றிருந்தது. ஆக, நரி சொன்னதில் பாதி நிஜம். சிலும்பன் தேடிக்கொண்டே போனான். தெற்கே உடைமரப் புதருக்குள் சருகு சரசரத்தது. எட்டிப் பார்த்தான்.

மையன் பின்னங்கால் வீங்கிக் கிடந்தான். உடம்பெல்லாம் சேறு. முன்னங்கால்களை ஊன்றி மெல்ல எழுந்தான். நான்கு அடி வைத்தான். விழுந்தான். மறுபடி எழுந்தான். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை எழும்போது சிலும்பனைப் பார்த்துவிட்டான்.

"நானே வந்து சொல்வதாக இருந்தேன். மேடு வரை நடக்க முடியவில்லை" என்றான்.

சிலும்பன் சுற்றி வளைக்கவில்லை. "எங்களை ஓடச் சொன்னது உங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா அண்ணே?"

மையன் காலை மடக்கி உட்கார்ந்தான்.

"முதல் நாள் பேசியது எனக்காகத்தான்" என்றான். "உங்கள் சண்டைச் சத்தம் என் நிலம் வரை கேட்டது. அதை நிறுத்தத்தான் மேட்டில் ஏறினேன். வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் நீங்கள் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் நண்டு வளையில் விழுந்து எழுந்து ஓடினான். அது நீதானே? என் வார்த்தையை அவ்வளவு பெரிதாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அதற்கப்புறம் சும்மா பேச எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொன்னதை நானும் செய்ய ஆரம்பித்தேன்."

பெரிய பெயர் எடுத்த ஒருவன் தன் சிறுமையை இப்படிப் பச்சையாகச் சொல்வான் என்று சிலும்பன் எதிர்பார்க்கவில்லை. அதுவரை இருந்த மரியாதை ஒரு பங்கு என்றால், அந்த நிமிடம் அது மூன்று பங்கானது.

அவன் உவர் நிலத்துக்கு ஓடித் திரும்பினான். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். மையன் தோற்றதைச் சொன்னான். முதல் நாள் தனக்காகத்தான் பேசினான் என்பதையும் சொன்னான். விழுந்து விழுந்து எழுவதைச் சொன்னான். மிச்சமிருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேட்டைத் திரும்பிப் பார்த்தால் நரியைக் காணோம்.

அப்போது குளத்துப் பக்கம் ஆள்காட்டிக் குருவிகள் கூச்சல் போட்டன.

ஆறு பேரும் ஓடினார்கள். தினமும் ஓடிப் பழகிய கால்கள், மூச்சு வாங்கவில்லை. கோரைப்புல் அருகே ஒரு நரி சிலும்பனின் அம்மாவுக்கு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டிக்கொண்டு தூரம் போக, மற்ற இரண்டும் குட்டியை நெருங்கின. குட்டிக்கு எழுந்து ஓடவும் தெரியவில்லை. காதைப் படியவைத்துக்கொண்டு கிடந்தது. ஆறு இளவட்டங்களும் அதைச் சுற்றி நின்று கொம்பைத் தாழ்த்தினார்கள்.

ஓரக்கண்ணன் இரண்டடி பின்வாங்கினான். சிலும்பனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "யோசித்துப் பாரடா. இவர்கள் உன்னைத் துரத்தியவர்கள்."

"தெரியும்" என்றான் சிலும்பன்.

அவன் கால் அப்போது தரையை உதைக்கவில்லை. ஊன்றி நின்றது. பக்கத்தில் இருந்தவன் பாய, சிலும்பனும் பாய்ந்தான். ஒரு நரிக்குத் தொடையில் குத்து விழுந்தது. ஓரக்கண்ணன் அதைப் பார்த்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். மற்ற இரண்டும் பின்னாலேயே ஓடின.

அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். குட்டியை முகர்ந்து பார்த்தாள். அப்புறம் சிலும்பனின் கழுத்தையும் ஒரு தரம் முகர்ந்தாள். நிலத்துக்காரக் கலைமான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றது. அன்று அவர்களை விரட்டவில்லை. அவர்கள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

வடக்கே போன ஐந்து பேரும் சாயங்காலம் திரும்பினார்கள். அங்கே புல் இல்லை, முள்தான் இருந்தது. வாயெல்லாம் கீறல். யாரும் எதுவும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

மையன் கால் ஆறப் பதினைந்து நாள் ஆனது. ஆறியும் சற்று இழுத்துத்தான் நடந்தான். நிலம் இல்லாத கலைமானுக்கு அந்தப் புல்வெளியில் ஒரே இடம்தான் உண்டு. உவர் நிலத்துக்கு வந்து சேர்ந்தான். அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. விடியுமுன் எழுந்து அவர்களோடு ஓடினான்.

அடுத்த மழைக்காலத்தில் சிலும்பனின் முதுகு கறுத்தது. தனக்கென்று நிலம் பிடிக்கப் போய் இரண்டு முறை தோற்றுத் திரும்பினான். மூன்றாவது முறை குளத்துக்குத் தெற்கே ஒரு சிறு துண்டு அவனுக்குக் கிடைத்தது. கிளம்பும் அன்று மையனிடம் வந்து நின்றான்.

"சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லையே தம்பி" என்றான் மையன்.

"கேட்க வரவில்லை அண்ணே. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான் சிலும்பன்.

ஒதுக்கப்பட்ட இளம் மனம் யார் அழைத்தாலும் காது கொடுக்கும். தன் தோல்வியை மறைக்காமல் சொல்லி, சொன்னதைத் தானும் செய்கிறவன் பேச்சுதான் அதை ஆளாக்கும்.