வளையல் குலுங்காத பொழுது

உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய காலம் அது. சேந்தன் என்ற உப்பு வணிகன் தன் மனைவி ஆவுடையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆற்றுத் துறையில். மகள் நங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆவுடை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

திட்டுக்குக் காரணம் இருந்தது, கேளுங்கள். சேந்தன் நல்லவன். அளவில் ஒரு பிடி குறைக்க மாட்டான். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் போவது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. பின்னால் வந்து தோளில் ஓங்கித் தட்டுவான். முகத்தோடு முகத்தை வைத்துப் பேசுவான். விடு என்றால் விடமாட்டான். அன்றும் ஓடம் எப்போது கிளம்பும் என்று கேட்க ஒருவர் தோளில் தட்டினான். அவர் திடுக்கிட்டார். அவர் தலையில் இருந்த நெய்க்குடம் ஆற்றோடு போயிற்று.

"தோளைத் தட்டாம உங்களுக்குப் பேச்சே வராதா? ஊரார் தோளெல்லாம் எங்கப்பன் வீட்டுத் தூணா?"

"தூணு நல்லா உறுதியாத்தான் இருக்கு, ஆவுடை."

சிரித்துவிடக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடம் நகர்ந்தபோது கரையிலிருந்து கத்தினாள்.

"எதிர்ல போய் நில்லுங்க! எட்ட நின்னு பேசுங்க! வேணாம்னா விட்டுடுங்க!"

"திரும்பி வந்து கேட்டுக்கிறேன், போ!"

மழைக்காலம் முடிந்து அவன் திரும்பியபோது, காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிருந்தது.

அதன்பின் போகிற ஊருக்கெல்லாம் மகளையும் கூட்டிக்கொண்டு போனான். உப்பு மூட்டைகளுக்கு நடுவே, எருதின் முதுகில் அவள் உட்கார்ந்து வருவாள். அவனுக்கென்று மிஞ்சியது அவள் ஒருத்திதான். தோளைத் தட்டும் பழக்கமும் அவனை விட்டுப் போகவில்லை.

ஓர் ஊரில் தேர்த் திருவிழா. நல்ல வெயில், நல்ல கூட்டம். சேந்தன் குனிந்து உப்பு அளந்தான். நிமிர்ந்து பார்த்தான். நங்கையைக் காணவில்லை.

ஓடினான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவனின் பின்னால் போய்த் தோளில் அடித்தான். அவன் பதறி அரிவாளை ஓங்கினான். பூ விற்கிறவளின் முகத்தருகே போய்க் கத்தினான். அவள் பயந்து கூடையோடு பின்வாங்கினாள். வழிப்போக்கர் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறிக்கொண்டு ஓடினார். மூன்று பேரைக் கேட்டான். ஒருவரிடமிருந்தும் பதில் கிடைக்கவில்லை.

தேரடி தாண்டி ஒரு கல்மண்டபம் இருந்தது. அதன் பின்பக்கமாக ஓடி வந்தவன் கண்ணில், முன்விளிம்பில் தூணோரம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் பட்டாள். அவள் மடியிலிருந்து தொங்கியது நங்கையின் மஞ்சள் சிற்றாடை.

பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தான். மண்டபத்தில் தாவி ஏறினான். அவள் தோளை நோக்கிக் கையை நீட்டினான்.

ஊரார் தோளெல்லாம் எங்கப்பன் வீட்டுத் தூணா?

நீட்டிய கை அப்படியே நின்றது. அன்று ஆவுடை கரையிலிருந்து கத்தியதெல்லாம் இன்றுதான் அவன் காதில் விழுந்தது.

எதிர்ல போய் நில்லுங்க. இறங்கிச் சுற்றிக்கொண்டு எதிரே போனான்.

எட்ட நின்னு பேசுங்க. பாயத் துடித்த கால்களை இறுக்கிக்கொண்டு எட்டவே நின்றான்.

நின்றபிறகுதான் பார்த்தான். அவள் ஒரு வளையல்காரி. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கப் போன கை ஒன்று பாதியில், அந்தரத்தில் நின்றது. அத்தனை வளையல் இருந்தும் ஒரு சத்தம் இல்லை.

"அம்மா, அது என் மக. கிட்ட வரலாமா?"

அவள் உதடு அசையவில்லை. கண்கள் மட்டும் இடமும் வலமும் போயின. வேண்டாம்.

பெற்ற மகள் மடியில் கிடக்கிறாள். யாரோ ஒருத்தி வேண்டாம் என்கிறாள். ஆனாலும் சேந்தன் ஓர் அடி பின்னால் வைத்தான்.

பின்னால் வைத்ததும் தூணின் நிழலுக்குள் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தையின் பாதத்துக்கு அருகில் நல்ல பாம்பு ஒன்று படமெடுத்து நின்றது. சற்று முன் அவன் கால் வைக்கப் போன இடத்தில் அதன் வால் சுருண்டு கிடந்தது.

"இந்தா நிக்கிறான்யா, தோளை உடைச்ச பய!" என்று அரிவாளோடு வந்தான் கரும்புக்காரன். சேந்தன் திரும்பாமலே கையை உயர்த்தினான். கரும்புக்காரனும் பார்த்தான். அரிவாள் தானாகத் தாழ்ந்தது. அவன் பின்னால் பூக்காரி நின்றாள். அவள் பின்னால் கூட்டம் நின்றது. மேளம் நின்றது. வடம் பிடித்தவர்கள் கையை எடுத்தார்கள். தேரும் நின்றது.

பாம்பு மெல்ல ஆடியது. குழந்தையின் மூச்சு ஏறி இறங்கியது. அந்தரத்தில் நின்ற கை நடுங்கவே இல்லை. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் கைகூப்பினார்கள். பாம்பைக் கும்பிட்டார்களா, அவளைக் கும்பிட்டார்களா, அவர்களுக்கே தெரியாது.

பிறகு படம் சுருங்கியது. பாம்பு அவள் மடியோரமாக ஊர்ந்து, தூணடி வெடிப்புக்குள் இறங்கியது. வால்நுனி மறைந்தபின்னும் அவள் அசையவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கை கீழே விழுந்தது. அத்தனை வளையலும் ஒன்றாகக் குலுங்கின.

அந்தச் சத்தத்தில் நங்கை விழித்தாள். "ஏம்ப்பா அங்கயே நிக்கிற?"

சேந்தன் அப்போதும் நகரவில்லை. "இப்ப வரலாமா, அம்மா?"

"வாங்கய்யா. அழுதுகிட்டு நின்னுச்சு, மடியில போட்டுத் தூங்க வச்சேன். அப்புறந்தான் அது வந்துச்சு. பின்னால காலடி கேட்டப்ப என் உசுரே போச்சு. தோளைத் தொட்டிருந்தா நான் துள்ளியிருப்பேன். அது பிள்ளையைத்தான் கொத்தியிருக்கும்."

"தொடத்தான் வந்தேன்."

"அப்புறம் யாரு நிறுத்துனா?"

"வீட்டுக்காரி."

வளையல்காரி அவனுக்குப் பின்னால் தேடிப் பார்த்தாள். சேந்தன் மகளைத் தூக்கிக்கொண்டான்.

"உங்க பேரு என்னம்மா?"

"அது எதுக்குய்யா இப்ப?"

பழைய சேந்தன் என்றால் விட்டிருக்க மாட்டான். இவன் கும்பிட்டுவிட்டு விலகினான்.

ஆகவே, பொது இடத்தில் அறியாத ஒருவரை அணுகுகிறவர், அவர் கண்ணில் படும்படி எதிரே வந்து, எட்டி நின்று கேட்டு, வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும்.

சேந்தன் தான் எட்டி நின்ற இடத்தில் ஒரு கல்லைப் பதித்தான். மண்டபம் எப்போதோ இடிந்துவிட்டது. கல் இருக்கிறது.