புரட்டாசியில் உள்ளே வந்த சட்டிகள்

"எனக்கு இன்னைக்கே தீட்சை வேணும்."

செங்கோடன் இதைச் சொல்லிவிட்டு ஒரு சட்டியைத் தரையில் போட்டு உடைத்தார். கரித்துண்டும் மரப்பட்டையும் சிதறின. ஆர்க்கிட் செடி வேரோடு கிடந்தது.

கோபத்தில் உடைக்கிறவன் கையில் கிடைத்ததை உடைப்பான். இவர் இருப்பதிலேயே சின்னச் சட்டியாகப் பார்த்து எடுத்திருந்தார்.

குரு அதைக் கவனித்தார்.

"போதுமா? பெருசா ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?"

குருவின் பெயர் மங்களேஸ்வரி. செங்கோடனைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை அம்மா என்பார். மலை உச்சியில் இருந்த அந்த மடத்தில் இது யாருக்கும் வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

மடத்தில் செங்கோடனுக்கு ஒரே வேலை. ஆர்க்கிட். வெயில் காலத்தில் சட்டிகளை வெளியே மரத்தடியில் வைக்க வேண்டும். குளிர் வந்த பிறகு கண்ணாடி அறைக்குள் கொண்டுவர வேண்டும். வந்ததிலிருந்து வருஷக்கணக்காக அதைத்தான் செய்கிறார். இதுவரை ஒரு பூ பூக்கவில்லை.

"எனக்குப் பின்னாடி வந்த தையல்காரருக்குத் தீட்சை குடுத்தீங்க" என்று கத்தினார் செங்கோடன். "அவர் என்னத்தக் கிழிச்சாரு?"

தையல்காரர் சபாபதி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நான் எங்கண்ணே கிழிச்சேன்? தச்சுக்கிட்டு இருந்தேன்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றார் குரு. "அண்ணே, இத்தனை நாள் கேக்காத தீட்சை இன்னைக்கு என்ன அவசரம்?"

செங்கோடன் உடைந்த ஓட்டைக் காலால் ஒதுக்கினார்.

சபாபதியால் அடக்க முடியவில்லை.

"அவரு பொண்ணு வருதும்மா. காலையில போன் வந்துச்சு, நாந்தான் எடுத்தேன். அஞ்சு மணி பஸ்ஸுல வருதாம். நல்லா மரியாதையா பேசிச்சு."

"உன்னை யாருய்யா கேட்டா?"

"யாரும் கேக்கலண்ணே. நானாத்தான் சொன்னேன்."

மடத்தில் ஒரு சட்டம் உண்டு. தீட்சை வாங்கியவருக்கு வீடு கிடையாது, பிள்ளை கிடையாது. யாராவது தேடி வந்தால் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று.

குரு கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பெரிய சட்டியைத் தவிர மற்ற எல்லாம் உள்ளே இருந்தன.

"இதையெல்லாம் எப்ப உள்ள கொண்டு வந்தீங்க?"

"காலையில."

"இது புரட்டாசி."

"மூடுபனி வந்துச்சு. குளிர் வரப்போகுது."

"வந்துச்சா?"

"வரப்போகுது!"

குரு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார்.

செங்கோடன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தார்.

குரு இரண்டு சட்டிகளை வெளியே வைத்தார். செங்கோடன் இரண்டையும் உள்ளே வைத்தார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சபாபதி இரண்டு பேருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பூக்காத எழவுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றார் செங்கோடன்.

"பூக்காததுக்குக் காரணமே நீங்கதான்."

"நானா? தண்ணி ஊத்தலையா? இலையைத் துடைக்கலையா? என் புள்ளைக்குக் கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை."

"அது தெரியுது."

செங்கோடனின் முகம் சிவந்தது.

குரு விடவில்லை. அவருக்கும் கோபம்தான். குருவுக்குக் கோபம் வராது என்று சொல்கிறவர்கள் அந்த மடத்துக்கு வந்ததில்லை.

"ஐப்பசிக் குளிர் அதுமேல படணும். ராத்திரி பூரா வெளியே கிடந்து நடுங்கணும். அப்பத்தான் அடியில பூத்தண்டு விடும். உறைபனி விழறதுக்கு முன்னாடி உள்ள எடுத்தா போதும். நீங்க என்ன பண்றீங்க? வருஷா வருஷம் மூடுபனியைக் கண்டதுமே தூக்கிட்டு உள்ள ஓடி வந்துடறீங்க."

"இது தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"முதல் நாளே சொன்னேன். குளிர் வரட்டும், அப்புறம் எடுங்கன்னேன். மாடு மாதிரி தலையாட்டினீங்க."

"செத்துட்டா?"

"செத்துச்சா ஏதாவது?"

"செத்தா என்னைத்தானே கேப்பீங்க!"

குரு தரையில் கிடந்த செடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"பொண்ணு பேரு என்ன?" என்றார் குரு.

"இளவேனி."

"என்ன சண்டை?"

"சண்டையே இல்லை."

"அப்புறம்?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பான்னா. நாளைக்குக் கேளுன்னேன். விடியறதுக்குள்ள கிளம்பி இங்க வந்துட்டேன்."

"என்ன கேக்க வந்தா?"

"அப்ப அவ அம்மா செத்து முப்பது நாள் கூட ஆகல. வேற என்ன கேப்பா? கடைசி நாள் ஏன்ப்பா ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு கேப்பா."

"கேட்டாளா?"

"நான்தான் வந்துட்டேனே!"

அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன.

"கேட்டா என்னம்மா சொல்லுவேன்? சாகறதைப் பார்க்கப் பயந்துக்கிட்டு வெளியில டீக்கடையில உக்காந்திருந்தேன்னு சொல்லவா? பெத்த பொண்ணுகிட்டயா? உங்களுக்கென்ன, உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு அதை வெளிய வை, இதை உள்ள வைன்னு சொல்லிடுவீங்க!"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

செங்கோடன் அவசரமாக வெளியே போய், மீதியிருந்த ஒரு சட்டியைத் தூக்கினார். பெரிய சட்டி. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார் குரு. "தீட்சைதானே? தர்றேன்."

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். "அம்மா?"

"நீங்க பேசாதீங்க. அண்ணே, துணி எடுத்து வச்சிருக்கேன். வாங்க. உள்ள வந்து உக்காந்தா முடிஞ்சுது. அப்புறம் யாரும் உங்களை எதுவும் கேக்க முடியாது."

செங்கோடன் மடத்தின் கதவைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கதகதப்பாக இருந்தது.

பாதையில் ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். மலைக்குப் புதுசு போல. சால்வை கூடப் போர்த்தாமல், கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தாள். இடையில் ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினாள்.

"நான் போய் சொல்லி அனுப்பிடட்டுமாண்ணே?" என்றார் சபாபதி, ரொம்ப மெதுவாக.

செங்கோடன் சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். காற்றில் இலைகள் நடுங்கின.

"உள்ள வாங்கண்ணே" என்றார் குரு. குரலில் கோபம் குறையவே இல்லை. "சீக்கிரம். வந்துட்டா."

செங்கோடன் சட்டியைக் கீழே வைத்தார்.

உள்ளே போகவில்லை.